பட்டியலில் ஆர்ஆர் லைரே, எனக்கு ஒட்டிய இரட்டை போலத் தெரிகிறது: எப்படி உறுதி செய்வது?

கூதிர்வானம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எட்டு மாதமாக, வேலை முடிந்து வந்ததும் இரவில், மாறும் விண்மீன்களின் லைட் கர்வ்களை, அதாவது நேரத்தோடு பிரகாசம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று காட்டும் வரைபடங்களைப் பார்ப்பதுதான் என் பொழுது. சொந்தமாகத் தொலைநோக்கி இல்லை, எல்லாம் இசட்டிஎஃப் சர்வே பொதுவில் வைத்திருக்கும் தரவுதான். பாலோமார் மலையில் இருக்கும் பழைய 48 அங்குலத் தொலைநோக்கியில் பெரிய கேமரா ஒன்றைப் பொருத்தி, ஒரே படத்தில் 47 சதுரப் பாகை வானத்தை 2018-லிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் 15-ஆம் ஒளித்தரத்தில் (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) இருக்கும் ஒரு சாதாரண விண்மீனுக்கே நூற்றுக்கணக்கான அளவீடுகள் கிடைத்துவிடுகின்றன.

நான் செய்வது இதுதான். தானியங்கி முறையில் வகைப்படுத்திய ஒரு பெரிய பட்டியலை எடுத்து, அதில் 'ஆர்ஆர் லைரே சி வகை' (சுருங்கி விரிந்து துடிக்கும் விண்மீன்களில் ஒரு வகை) என்று குறித்தவற்றை மட்டும் பிரித்து, பால்வழிப் பட்டையை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு சின்னத் துண்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் சரிபார்க்கிறேன். இதுவரை 140 பார்த்தாயிற்று. பெரும்பாலானவை சரியாகவே இருக்கின்றன. ஒன்று மட்டும் மூன்று வாரமாக மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பட்டியலில் அதன் அலைவுக்காலம் 0.2219 நாள். காலத்தைத் தேடும் லாம்ப்-ஸ்கார்கிள் முறையை நான் ஓட்டினாலும் அதே எண்தான் முதலில் வருகிறது, பக்கத்தில் 0.2852 நாளில் இன்னொரு முகடும் நிற்கிறது. 0.2219-ல் மடித்தால், அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், அழகான, கிட்டத்தட்ட சைன் அலை மாதிரி ஒரு வளைவு. ஆனால் அடிப்பகுதியில் புள்ளிகள் ஒழுங்காக உட்காரவில்லை, இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது போலத் தடித்துத் தெரிகிறது, மேல்பகுதியில் அந்தத் தடிமன் இல்லை. இதைப் பார்த்ததிலிருந்து இது துடிக்கும் விண்மீன் இல்லை, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றும் இரட்டை விண்மீனோ என்று சந்தேகம்.

இரண்டு கேள்விகள். ஒன்று, என்ன செய்தால் ஒரு முடிவுக்கு வரலாம்? இரண்டு, பட்டியலே தவறு என்றால் மற்ற 139-ஐ எந்த அளவுக்கு நம்பலாம்?

அருந்ததிக்கண் எழுதியது:

முதலில் அந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். 0.4438 நாளில் மடித்துப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

காரணம் இதுதான். லாம்ப்-ஸ்கார்கிள் முறை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒரு சைன் அலையைப் பொருத்திப் பார்க்கிறது, எது நன்றாகப் பொருந்துகிறதோ அதை உயரமான முகடாகக் காட்டுகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒட்டிய இரட்டை ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை மங்கும், முன்னால் இருப்பது பின்னால் போகும்போது ஒரு தடவை, பின்னால் இருந்தது முன்னால் வந்து மற்றதை மறைக்கும்போது இன்னொரு தடவை. இரண்டு மங்கலும் ஏறக்குறைய ஒரே ஆழம் என்றால் சைன் அலைக்கு அது பாதிக் காலத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரே பள்ளம்தான். அதனால் டபிள்யூ உர்சே மேஜோரிஸ் வகை, அதாவது இந்த ஒட்டிய இரட்டைகள் எல்லாவற்றுக்கும் மென்பொருள் தரும் முதல் பதில் பாதிக் காலம் என்று வைத்துக்கொண்டே தொடங்குவது என் வழக்கம்.

நீங்கள் சொன்ன 'அடிப்பகுதியில் மட்டும் தடிமன்' ரொம்ப நல்ல கவனிப்பு. இருமடங்குக் காலத்தில் மடித்ததும் அந்தத் தடிமன் பிரிந்து, ஒரு பள்ளம் ஆழமாகவும் மற்றது மேலாகவும் தனித்தனியே நின்றால் அது துடிப்பு இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். ஒட்டிய இரட்டையில் பள்ளங்கள் குறுகலாகவும் மேடுகள் அகலமாக உருண்டும் இருக்கும். சி வகை ஆர்ஆர் லைரேயில் ஏற்றம் இறக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக இருக்கும், உச்சிக்குப் பக்கத்தில் சில விண்மீன்களில் ஒரு சின்னத் திமில் கூடத் தெரியும்.

0.2852-ஐப் பற்றிக் கவலை வேண்டாம், அது ஒருநாள் போலிக் காலம். ஒரே இடத்திலிருந்து இரவில் மட்டும் பார்க்கிறோம் இல்லையா, நாளுக்கு ஒன்று என்ற அந்தத் தாளம் தரவுக்குள் புகுந்துவிடுகிறது. 1-ஐ 0.2219-ஆல் வகுத்தால் நாளுக்கு 4.5065 சுற்று, அதில் ஒன்றைக் கழித்தால் 3.5065, அதைத் திருப்பிப் போட்டால் 0.2852. எந்த முகட்டைப் பார்த்தாலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். பல மாதம் இதைச் செய்யாமல் நான் போலிக் காலங்களைக் குறித்து வைத்திருக்கிறேன், பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

மறைமதி எழுதியது:

அருந்ததிக்கண் சொன்னது சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது என்று நினைக்கிறேன். பள்ளங்கள் இரண்டும் சம ஆழம் உள்ள ஒட்டிய இரட்டைகள் ஏராளம். அவற்றை இருமடங்குக் காலத்தில் மடித்தாலும் ஒன்றுபோல இரண்டு பள்ளம்தான் வரும், ஒரு துடிக்கும் விண்மீனை இருமடங்குக் காலத்தில் மடித்தாலும் அதேதான் வரும். வடிவத்தை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாத இடம் அது. அங்கே கைகொடுப்பவை இரண்டு: நிறமும் தூரமும்.

நிறம் என்றால், பச்சை ஃபில்டரில் வீச்சு (உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம்) எவ்வளவு, சிவப்பு ஃபில்டரில் எவ்வளவு என்று தனித்தனியே அளங்கள். துடிக்கும் விண்மீன் சுருங்கி விரியும்போது அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறி இறங்குகிறது, சூடானால் நீலப் பக்கம் அதிகம் பிரகாசிக்கும். அதனால் ஆர்ஆர் லைரேயின் வீச்சு பச்சையில் கூடுதலாகவும் சிவப்பில் குறைவாகவும் இருக்கும், இசட்டிஎஃப் ஃபில்டர்களில் கிட்டத்தட்ட 1.4 மடங்கு வித்தியாசம் எதிர்பார்க்கலாம். ஒட்டிய இரட்டையில் நடப்பது வேறு. இரண்டு விண்மீன்களும் ஒரே உறையைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன, எடை எவ்வளவு வேறுபட்டாலும் மேற்பரப்பு வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒளி மாறுவதற்குக் காரணம் நம் பக்கம் திரும்பியிருக்கும் பரப்பு கூடிக் குறைவது. நிலக்கடலையைக் கையில் வைத்துச் சுழற்றினால் நீள்பக்கம் தெரியும்போது பெரிதாகவும் முனை தெரியும்போது சிறிதாகவும் இருக்கும் பாருங்கள், அதுபோல. பரப்பு மாறுவதற்கு நிறம் கிடையாது, எந்த ஃபில்டரில் பார்த்தாலும் வீச்சு ஏறக்குறைய சமமாகவே வரும்.

அடுத்தது தூரம். விண்மீன்களின் தூரத்தை அளந்த கையா விண்கலத்தின் தரவில் உங்கள் விண்மீனின் இடமாறு கோணத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோலத் தெரியும் அளவு, தூரம் கூடினால் இது குறையும்) எடுங்கள். ஆர்ஆர் லைரே விண்மீன்களின் தனி ஒளித்தரம், அதாவது 10 பார்செக் தூரத்தில் வைத்துப் பார்த்தால் வரும் ஒளித்தரம், சுமார் 0.6, இது விண்மீனுக்கு விண்மீன் அதிகம் மாறாது. உங்களுடையது 15.2 என்று வைத்துக்கொண்டால், அது ஆர்ஆர் லைரேயாக இருக்க 8,000 பார்செக்குக்கும் மேலே, அதாவது சுமார் 27,000 ஒளியாண்டு தள்ளி இருக்க வேண்டும். அப்படியானால் இடமாறு 0.12 மில்லி ஆர்க்செகண்ட் அளவில்தான் இருக்கும் (ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). அரை நாளுக்குக் கொஞ்சம் குறைந்த காலமுடைய ஒட்டிய இரட்டை என்றால் தனி ஒளித்தரம் 3-ஐ ஒட்டி இருக்கும், விண்மீன் பல மடங்கு பக்கத்தில் வந்துவிடும். 15-ஆம் தரத்தில் கையாவின் பிழை 0.03 அளவுதான், அதனால் இந்த இரண்டையும் அது எளிதாகப் பிரித்துக் காட்டும். எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வடமீன்76 எழுதியது:

ஒரு சின்ன விஷயம் மட்டும் சேர்க்கிறேன். அந்த மாற்றம் அந்த விண்மீனுடையதுதானா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ் செயற்கைக்கோளின் ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட், அசாசன் சர்வேயின் பிக்சல் 8 ஆர்க்செகண்ட், இவற்றில் பக்கத்துப் பக்கத்து விண்மீன்கள் ஒரே புள்ளியாகக் கலந்துவிடும். ஒரு டெஸ் லைட் கர்வை வைத்துக்கொண்டு நான் இரண்டு வாரம் உழைத்தேன், மிக ஆழமில்லாத கிரகணம், என்ன வகை என்றே பிடிபடவில்லை. கடைசியில் இசட்டிஎஃப் படத்தில் பார்த்தால் 14 ஆர்க்செகண்ட் தள்ளி ஒரு மங்கலான விண்மீன், அதுதான் கிரகண இரட்டை (ஒன்றையொன்று மறைத்து மங்கும் ஜோடி), அதன் ஆழமான பள்ளம் பக்கத்துப் பிரகாசமான விண்மீனின் ஒளியில் கரைந்து மேலோட்டமாகத் தெரிந்திருக்கிறது. இசட்டிஎஃப் பிக்சல் 1 ஆர்க்செகண்ட் என்பதால் உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு, இருந்தாலும் கையாவில் 10 ஆர்க்செகண்ட் தூரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கூதிர்வானம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் செய்துவிட்டேன்.

0.4438-ல் மடித்ததும் பார்த்த காட்சி மறக்காது. அந்தத் தடித்த அடிப்பகுதி இரண்டாகப் பிரிந்து, சிவப்பு ஃபில்டரில் ஒரு பள்ளம் 15.41-லும் மற்றது 15.37-லும் போய் நின்றது. 0.04 வித்தியாசம், ஒவ்வொரு அளவீட்டின் பிழையும் 0.015 இருக்கும், ஆனால் 600-க்கும் மேல் புள்ளிகள் இருப்பதால் சந்தேகமே இல்லாமல் தெரிகிறது. பச்சையில் வீச்சு 0.36, சிவப்பில் 0.34. இடமாறு 0.43, பிழை 0.03. தூரம் சுமார் 2,300 பார்செக் வருகிறது, தூசி மறைப்பு 0.2 என்று கழித்தால் தனி ஒளித்தரம் 3.2. இடமாறு, ஆர்ஆர் லைரேக்கு வேண்டிய 0.12-க்குப் பக்கத்தில்கூட இல்லை. 10 ஆர்க்செகண்டுக்குள் வேறு விண்மீனும் இல்லை.

ஆக இது ஒட்டிய இரட்டை என்பதில் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம், மேடுகள் இரண்டும் கூடச் சமமாக இல்லை, ஒன்று 0.02 தாழ்ந்திருக்கிறது. இது என் தவறா? இரண்டாவது கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

அருந்ததிக்கண் எழுதியது:

தவறே இல்லை. இதற்கு ஓ'கானெல் விளைவு என்று பெயர், இந்த வகை இரட்டைகளில் அடிக்கடி பார்க்கலாம். மேற்பரப்பில் சூரியப் புள்ளி போன்ற பெரிய கரும்புள்ளி ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் நம்மை நோக்கும்போது மேடு கொஞ்சம் தாழும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உங்களிடம் ஆறு வருடத் தரவு இருக்கிறது, வருடவாரியாகப் பிரித்து மடித்துப் பாருங்கள், அந்த 0.02 வருடத்துக்கு வருடம் மாறினால் புள்ளிகள்தான் காரணம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான், 7,500 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு விண்மீனின் மேற்பரப்பில் கறை நகர்வதை வீட்டிலிருந்தே பார்க்கிறோம்.

பட்டியலன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் முயல்கிறேன், வகைப்படுத்தும் மென்பொருளோடு சில வருடம் பழகியவன் என்ற முறையில்.

மென்பொருள் என்ன செய்கிறது? ஒவ்வொரு லைட் கர்வையும் சில எண்களாகச் சுருக்குகிறது: அலைவுக்காலம், வீச்சு, நிறம், வளைவின் வடிவத்தைச் சொல்லும் ஃபூரியே எண்கள், இப்படி. ஏற்கனவே வகை தெரிந்த விண்மீன்களின் எண்களைக் காட்டிப் பழக்கியிருப்பார்கள். ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற முறை நூற்றுக்கணக்கான முடிவு மரங்களை வளர்த்து, ஒவ்வொரு மரமும் ஒரு வாக்குப் போட, அதிக வாக்கு எதற்கோ அந்த வகையை எழுதிவிடுகிறது. இதில் முதல் எண்ணே, அதாவது அலைவுக்காலமே, பாதியாக உள்ளே போய்விட்டால் மீதி மரங்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தும் பயன் குறைவு. உங்கள் விண்மீன் 0.2219 நாள், 0.35 வீச்சு, சைன் வடிவம் என்ற உருவில்தான் அதற்குப் போயிருக்கிறது. அந்த மூன்றையும் எனக்குக் காட்டியிருந்தால் நானும் சி வகை ஆர்ஆர் லைரே என்றுதான் எழுதியிருப்பேன்.

இன்னொரு காரணம் எண்ணிக்கை, இதைப் பலர் யோசிப்பதில்லை. 2020-ல் இசட்டிஎஃப் தரவிலிருந்து வெளிவந்த அலைவு விண்மீன் பட்டியலில் 7,81,602 விண்மீன்கள், அவற்றில் 6,21,702 புதியவை. அந்தப் புதியவற்றில் ஆர்ஆர் லைரே சுமார் 5,000, கிரகண இரட்டைகள் சுமார் 3,50,000. பிரகாசமான ஆர்ஆர் லைரேக்களை முன்பே பலர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதும் இதில் சேர்ந்திருக்கிறது, இருந்தாலும் விகிதத்தைப் பாருங்கள். எந்தப் பட்டியலாக இருந்தாலும் சரி, மூன்றரை லட்சம் இரட்டைகளில் நூற்றுக்கு ஒன்று மட்டும் தவறிப்போய் ஆர்ஆர் லைரே பெட்டியில் விழுந்தால் 3,500. மென்பொருள் 99 சதவீதம் சரியாகச் செய்தும் அந்தச் சின்னப் பெட்டி கெட்டுவிடும். அதனால் 'மொத்தத் துல்லியம் இத்தனை சதவீதம்' என்ற ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை, எனக்கு வேண்டிய வகைக்குள் எவ்வளவு கலப்படம் என்றுதான் கேட்பேன்.

இந்தக் கலப்படத்துக்கு விலை உண்டு. ஆர்ஆர் லைரேயை வைத்துத்தான் பால்வழியின் வெளிப்பகுதியில் தூரம் அளக்கிறார்கள். 2,300 பார்செக்கில் இருக்கும் உங்கள் இரட்டையை ஆர்ஆர் லைரே என்று எடுத்துக்கொண்டால் அதை 8,000-க்கு மேல் தூக்கி வைத்துவிடுவோம், இல்லாத இடத்தில் ஒரு விண்மீன். அப்படிச் சில நூறு சேர்ந்தால் இல்லாத விண்மீன் ஓடை (கூட்டமாக ஒரே பாதையில் நகரும் விண்மீன்களின் வரிசை) ஒன்று வரைபடத்தில் தெரிய ஆரம்பிக்கும்.

உங்கள் 139-க்கு வருவோம். எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. காலம் 0.2 முதல் 0.3 நாளுக்குள் இருப்பவை, வளைவு சைன் போல இருப்பவை, இரண்டு ஃபில்டரிலும் வீச்சு சமமாக இருப்பவை, இவற்றை மட்டும் தனியே எடுங்கள். அப்புறம் கையாவின் மூன்றாம் வெளியீட்டில் 2,70,905 ஆர்ஆர் லைரேக்கள் தனியாகச் சரிபார்க்கப்பட்டு இருக்கின்றன, 20 லட்சத்துக்கும் மேல் கிரகண இரட்டைகளும் இருக்கின்றன. உங்கள் பட்டியலை இரண்டோடும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றைக் கண்ணால் பாருங்கள். இருபதுக்குள் வந்து நிற்கும் என்பது என் அனுபவம்.

வடமீன்76 எழுதியது:

இதை மாறும் விண்மீன்களுக்கான விஎஸ்எக்ஸ் அட்டவணையில் திருத்தச் சொல்லி அனுப்பலாமே. மாறும் விண்மீன் பார்வையாளர்களின் ஏஏவிஎஸ்ஓ அமைப்பு நடத்துவது, கணக்கு தொடங்கினால் யார் வேண்டுமானாலும் புதிய விண்மீனோ திருத்தமோ அனுப்பலாம், மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்து ஏற்றுக்கொள்வார் அல்லது கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்.

அனுப்புவதற்கு முன் மூன்று விஷயம் சரிபாருங்கள். முதலில் காலத்தின் துல்லியம். 0.4438 போதாது. ஆறு வருடத்தில் அது ஏறக்குறைய 4,900 சுற்று சுற்றியிருக்கிறது, ஒரு சுற்றுக்கு 0.00001 நாள் தவறினால்கூடக் கடைசியில் 0.05 நாள், அதாவது கட்டத்தில் (ஒரு சுற்றுக்குள் எந்த இடம் என்ற அளவு) பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். ஏழு தசமம் வரை செம்மைப்படுத்துங்கள், பள்ளங்கள் கூர்மையாவது கண்ணுக்கே தெரியும். அடுத்தது நேரம். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்து சேரும் நேரம் எட்டு நிமிடம் வரை முன்பின் ஆகும், அதனால் சூரிய மையத்துக்குத் திருத்திய ஜூலியன் தேதியில்தான் (நாட்களை விடாமல் எண்ணிக்கொண்டே போகும் முறை) தர வேண்டும். வேறு சர்வே தரவோடு சேர்க்கும்போது ஒன்றில் 2400000.5 கழித்திருப்பார்கள், மற்றதில் கழித்திருக்க மாட்டார்கள், அந்த அரை நாளில் எல்லாம் குலைந்துவிடும். மூன்றாவது தொடக்க நேரம்: துடிக்கும் விண்மீனுக்கு மிகப் பிரகாசமான கணம், கிரகண இரட்டைக்கு ஆழமான பள்ளத்தின் கணம். பழைய பதிவில் ஆர்ஆர் லைரே என்று இருந்தால் அங்கே உச்சிதான் குறித்திருக்கும், அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று சொல்ல ஆசை. சென்னையில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சனிடம் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். மெதுவாகத் துடிக்கும் மீரா வகை, சுமார் 278 நாளில் ஒரு சுற்று. இன்றும் விஎஸ்எக்ஸில் தேடினால் வரும். அதே அட்டவணையில் உங்கள் திருத்தமும் போய் உட்காரப் போகிறது.

கூதிர்வானம் எழுதியது:

ரகுநாதாச்சாரி பற்றி எனக்குத் தெரியாது, இன்றிரவு முதல் வேலையாக அந்த விண்மீனைத் தேடிப் பார்த்துவிட்டேன், 150 வருடத்துக்கும் மேலாக அது கூடிக் குறைந்துகொண்டே இருப்பதை நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

காலத்தை ஏழு தசமத்துக்குக் கொண்டுவந்தேன், நேரம் எல்லாம் சூரிய மையத் தேதியில் இருக்கிறது, ஆழமான பள்ளத்தைக் கட்டம் பூஜ்ஜியமாக வைத்துப் படமும் வரைந்து அனுப்பிவிட்டேன். பட்டியலன் சொன்னபடி மீதியை வடிகட்டியதில் 17 மிஞ்சின. அதில் இரண்டுக்குப் பள்ளங்கள் அச்சு அசல் சமம், ஒளித்தரம் 18-ஐத் தாண்டிவிட்டதால் கையாவின் இடமாறும் பிழைக்குள் முழுகிவிடுகிறது. இவற்றுக்கு என்ன வகை எழுதுவது?

மறைமதி எழுதியது:

இரண்டு ஃபில்டர் வீச்சையும் ஒப்பிட்டும் பிரிக்க முடியவில்லை என்றால், இரண்டு வகையையும் எழுதி நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு போடுங்கள், விஎஸ்எக்ஸில் அதற்கு 'இது அல்லது அது' என்று பொருள். ஒரு பக்கம் சாய்வாகத் தோன்றினால் அந்த வகையை எழுதி முக்காற்புள்ளி வையுங்கள். மங்கலான விண்மீனில் இரவுக்கு இரவு பிழை மாறும், அதனால் வீச்சை மடித்த வளைவின் சராசரியிலிருந்து எடுங்கள், மேல் புள்ளியிலிருந்தும் கீழ்ப் புள்ளியிலிருந்தும் எடுக்க வேண்டாம். அந்த இரண்டின் கோப்புகளை இங்கே ஏற்றுங்கள், ஞாயிறு இரவு நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.